சுவருக்குக் கிழக்கே

அவர் சட்டைப் பையில் நான் பேனாவைப் பார்த்ததில்லை. ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று செருகியிருக்கும். இடுப்பில், பெல்ட்டோடு சேர்த்து, ஒரு டேப். பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டி வந்த நாளிலும் அந்த டேப் மடிப்பில் இருந்தது. சாப்பாட்டு மேசைகளைச் சுவரோரமாகப் போட்டால் எத்தனை பேர் வரிசையில் நிற்கலாம் என்று அளந்து சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னபடிதான் ஆயிற்று. நாற்பத்திரண்டாவது ஆள் கதவுக்கு வெளியே பனியில் நின்றார்.

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். பழைய வீடுகள், ஆலைகள், பண்ணைகள் போன்றவற்றைப் பாரம்பரியச் சின்னங்களாகப் பதிவு செய்ய விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பது எங்கள் தொழில். அவர் வரைவாளர். நான் சரிபார்ப்பவன். வரைபடத்தை எந்தப் பிளாஸ்டிக் படலத்தில் எந்த மையால் வரைய வேண்டும், புகைப்படத்தின் பின்புறம் ஏன் பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும், எந்தக் கடிதத்துக்கு எந்த அலுவலகம் எத்தனை நாளில் பதில் சொல்லாவிட்டால் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் மறக்கவில்லை. மறந்தால் நன்றாக இருக்கும் என்று சில சமயம் தோன்றும் விஷயங்களில் இதுவும் ஒன்று.

அவருடைய பெயரை அலுவலகத்தில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. முதல் இரண்டு எழுத்துகளோடு நிறுத்திக்கொள்வார்கள். அவரும் திருத்தவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

அவரை எனக்குச் சரியாகப் புரிந்தது ஒரு சாவு வீட்டில். எடிசனில் ஒரு நண்பர் மாரடைப்பில் போய்விட்டார். நல்ல உயரமான மனிதர். ஃப்யூனரல் ஹோமில் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டு நகர்ந்துகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போன இவர், துக்கத்தில் பெட்டியின் விளிம்பைத் தடவுவதுபோல விரல்களை விரித்து விரித்து வைத்துக்கொண்டே போனார். வெளியே வந்ததும் என் காதருகே சொன்னார்.

"சார், பெட்டி எட்டு சாணுக்கு ஒரு விரக்கட கம்மி. அவரு நல்லா ஒரு அங்குலம் கூடத்தான் இருப்பாரு. கால மடக்கித்தான் வச்சிருக்காங்க."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? அவர் வைஃப் காதுல விழப்போறது."

"நான் அவங்ககிட்ட சொல்லலியே சார். அளந்தாச்சு. அப்புறம் எப்படித் தெரியாத மாதிரி இருக்கறது?"

இதை அவர் அடிக்கடி சொல்வார். பெருமையாகச் சொல்லமாட்டார். வயிற்று வலி உள்ளவன் என்னென்ன சாப்பிடக் கூடாது என்று சொல்வதுபோலச் சொல்வார்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். குடும்பம் இந்த நாட்டுக்கு வந்தது அந்த அம்மாவின் வேலையால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தபோது அந்த அம்மா என்னிடம் முறையிட்டார்.

"அண்ணா, இவரு டேப்ப நான் ஒளிச்சு வைக்கணும்போல இருக்கு. அப்பார்ட்மெண்ட் லீஸ்ல எண்ணூத்து அம்பது ஸ்கொயர் ஃபீட்டுன்னு போட்டிருக்கானாம். இவரு அளந்து எண்ணூத்து முப்பத்தாறுன்னு மேனேஜருக்கு லெட்டர் எழுதறாரு. வாடகைய கொறைன்னு கேக்கறாரான்னா அதுவும் இல்ல."

"வாடகை எதுக்கு? தப்பா எழுதியிருக்காங்க. திருத்தணும்ல" என்றார் இவர், ரொட்டியைப் பிய்த்தபடி.

"திருத்தி?"

"திருத்தினா சரியா இருக்கும்."

அலுவலகத்தில் ஒரு பழைய மாவு ஆலையின் வரைபடம் வந்தது. வடக்குச் சுவர் நான்கு அங்குலம் சாய்ந்திருந்தது. எங்கள் மேலாளர், கண்ணுக்கு உறுத்துகிறது, நேராக்கிவிடு என்றார். இவர் மாட்டேன் என்றார். சண்டையெல்லாம் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் சாய்ந்தபடியே போயிற்று. அந்த வரைபடத்தை வைத்துத்தான் பிறகு ஆலைக்குள் இரும்புப் படிக்கட்டு பொருத்தினார்கள். முதல் தடவையிலேயே பொருந்தியதாக ஆலைக்காரர் நன்றிக் கடிதம் எழுதினார். கடிதத்தை மேலாளர் தன் அறையில் சட்டமிட்டு மாட்டிக்கொண்டார். இவர் அதன் சட்டத்தை அளந்து, இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்றார்.

அவர் சாக்லேட் தின்னமாட்டார். ஹாலோவீன் சமயத்தில் வரவேற்பறையில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வைத்திருப்பார்கள். போகிற வருகிறவர்கள் எல்லோரும் கை விடுவார்கள். இவர் சுற்றிக்கொண்டு போவார். சர்க்கரை வியாதியோ என்று நினைத்துக் கேட்டேன்.

"சுகர்லாம் இல்லீங்க சார். நான் கொக்கோ தோட்டத்துல பொறந்தவன். மாத்தளைப் பக்கம். லயத்துல."

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களுக்கு ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடுகள். இலங்கையில் நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தவர்களை, இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து எண்ணிப் பிரித்துக்கொண்டபோது, இவருடைய குடும்பம் இந்தியாவின் பங்குக்கு வந்தது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. திருச்சியில் ஐ.டி.ஐ., பிறகு மஸ்கட், பிறகு மனைவியின் வேலையால் நியூ ஜெர்சி. இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொன்னதில்லை. மதிய உணவு வேளைகளில் துண்டு துண்டாக வந்ததை நான் சேர்த்து வைத்தேன்.

"கொக்கோ காய ஒடச்சா உள்ள வெள்ளையா சதை இருக்கும் சார். மங்குஸ்தான் மாதிரி. நாங்க அத சப்பிட்டு கொட்டைய கூடையில போட்டுருவோம். கொட்டைதான் தொரைக்கு. சாக்லேட்டுன்னு ஒண்ணு அதுலேருந்து வருதுன்னே எனக்குத் திருச்சி வந்தப்பறந்தான் தெரியும்."

"அப்ப தின்னு பார்க்க வேண்டியதுதானே?"

"பாத்தேன். கசப்பா இருந்துச்சு. எல்லாரும் இனிப்புங்கறாங்க."

தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் ஒரு கொக்கோ பண்ணை வந்து சேர்ந்தது. கரீபியன் கடலில் அமெரிக்கக் கொடி பறக்கும் ஒரு சிறு தீவில் இருந்தது. நூறு வருடங்களுக்கு மேற்பட்ட பண்ணை. ஓர் அறக்கட்டளை வாங்கியிருந்தது. அறக்கட்டளைக்குப் பின்னால் ஓட்டல்காரர்கள் இருந்தார்கள். பாரம்பரியச் சின்னமாகப் பதிவாகிவிட்டால் வரிச் சலுகை உண்டு. பயணிகள் வருவார்கள். கொக்கோ காயவைக்கும் கூடம் ஒன்று, தண்டவாளத்தில் உருண்டு திறக்கும் கூரையோடு அப்படியே இருந்தது. மேற்பார்வையாளரின் மாடி வீடு இருந்தது. எடை போடும் தராசு இருந்தது. இவையெல்லாம் பண்ணையின் சிறப்புக்குப் பங்களிக்கும் அம்சங்கள் என்று பட்டியலில் ஏறின. வேலை செய்தவர்கள் மண்ணாலும் பலகையாலும் கட்டிக்கொண்ட குடிசைகளில் அடித்தளக் கற்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவை பங்களிக்காத அம்சங்கள். முழுமை கெட்டுவிட்டால் பங்களிப்பும் போய்விடும் என்பது விதி. உறுதியாகக் கட்டத் தெரிந்தவர்களுக்கே வரலாறு என்பதை இதைவிட நாசூக்காக யாராலும் எழுத முடியாது.

தீவுக்குப் போன அளவையாளர் ஓர் இளம் பெண். ரொம்பக் கவனமானவர். பழைய தோப்பில் இருந்த ஒவ்வொரு கொக்கோ மரத்தையும், பட்டுப்போன அடிக்கட்டையையும், எண் போட்டு இடம் குறித்து அனுப்பியிருந்தார். அந்தக் குறிப்பேட்டிலிருந்து வரைபடம் போடுவது இவர் வேலை. ஒரு வாரம் பேசவே இல்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் என் மேசைக்கு வந்து, "சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா" என்றார்.

அவர் மேசையில் தோப்பு விரிந்திருந்தது. பன்னிரண்டு அடிக்கு ஒரு புள்ளி, சதுரங்கப் பலகை மாதிரி. நடுவில் பண்ணையின் பழைய கற்சுவர் வடக்கு தெற்காக ஓடியது. சுவருக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் மூலை ஒன்று இருந்தது. அங்கேயும் மரங்கள்தான். ஆனால் அங்கே சதுரங்கம் கலைந்திருந்தது.

"இங்க பாருங்க. இந்த மரம் ரெண்டரை அடி தள்ளி நிக்குது. பக்கத்து மரம் அந்தாண்ட ரெண்டரை அடி தள்ளி நிக்குது. நடுவுல எடம் விட்டிருக்காங்க. இதே மாதிரி இங்க. இங்க. இங்க."

"சரி. நட்டவன் சரியா நடலை."

"வரிச கோணினா அன்னிக்குக் கூலிய வெட்டிருவாங்க சார். கயிறு கட்டி, சுண்ணாம்புப் புள்ளி வச்சு, புள்ளி மேலதான் குழி எடுக்கணும். யாரும் சும்மா கோணலா நடமாட்டாங்க. ஒரு எடத்துல இல்ல, பதினாலு எடத்துல."

"அப்ப என்ன?"

"ஆளுங்கள பொதைச்ச எடம் சார்."

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். யோசிக்க நேரம் வேண்டும்போது அப்படிச் செய்வேன்.

"இலங்கையில இருந்த தோட்டத்தை வெச்சு இங்க சொல்ல முடியாது. இவா வேற ஜனங்கள். ஆப்பிரிக்காலேருந்து வந்தவா. வேற வழக்கம்."

"செடி நடுறவன் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் சார். தன் ஆளு மேல கடப்பாறைய போடமாட்டான்." பிறகு ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்து, எதையும் அளக்காமல் மேசை மேல் வைத்தார். "என் தங்கச்சி அப்படித்தான் இருக்கு. நாலு வயசுல வயித்தால போயி செத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக தொரைகிட்ட சீட்டு வாங்கணும். தொரை கண்டிக்குப் போயிருந்தாரு. அப்பா கொக்கோவுக்கு நடுவுல கொண்டுபோயி வச்சாரு. அடுத்த மழைக்குக் கன்னு நடச் சொல்லிட்டாங்க. கயிறு போட்டாங்க. சுண்ணாம்புப் புள்ளி சரியா தங்கச்சி மேல விழுந்துச்சு. அப்பா கன்னுச் செடியத் தூக்கிகிட்டு ரெண்டு தப்படி தள்ளிப் போயி நட்டாரு. கங்காணி பாத்துகிட்டுத்தான் நின்னாரு. ஒண்ணும் சொல்லல. அவரு பொண்டாட்டிய பொதைச்ச எடத்துலயும் மரம் தள்ளித்தான் நிக்குது."

பதினான்கு இடங்களிலும் புள்ளிக்கோட்டில் ஒவ்வொரு கட்டம் போட்டிருந்தார். ஆறடிக்கு இரண்டரை. மூன்று மட்டும் சின்னவை. மரங்கள் குறைவாகத் தள்ளி நின்ற இடங்கள், மூன்றரை அடிதான் இருக்கும். எந்தக் கட்டத்திலும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

அவர் சொல்வது உண்மை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பதைப் பதிவு செய்யத்தான் இதை எழுதுகிறேன்.

மயானம் என்று எழுதினால் தொல்லியல் அறிக்கை வேண்டும். அதற்கு மூன்று மாதமாவது ஆகும். அதைச் சொன்னேன்.

"மயானம்னு எழுத வேணாம் சார். தோப்புன்னே எழுதுங்க. அந்த மூலைய உள்ள சேத்துடுங்க, போதும். உள்ள இருந்தா தோண்ட முடியாதுல்ல?"

அவர் கேட்டது எங்கள் விண்ணப்பத்தில் ஒரே ஒரு வாக்கியம். எல்லை எது, ஏன் அது எல்லை என்று சொல்லும் வாக்கியம். 'பண்ணையின் எல்லை பழைய கொக்கோ நடவின் விளிம்பு வரை' என்று எழுதினால் கிழக்கு மூலை உள்ளே வரும். அதில் கைவைக்கிறவர்கள் மறுஆய்வுக்குப் போக வேண்டியிருக்கும், அறக்கட்டளை சலுகையை இழக்க நேரிடும். 'பண்ணையின் எல்லை வரலாற்றுக் கற்சுவர் வரை' என்று எழுதினால் மூலை வெளியே போய்விடும். வெளியே இருப்பது வெறும் நிலம். இரண்டுமே விதிப்படி சரி. எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள். முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு சமமான இரண்டு வாக்கியங்களை நான் பார்த்ததில்லை.

மேலாளரிடம் போனேன். அவர் ஏற்கெனவே அறக்கட்டளையோடு பேசியிருந்தார். கிழக்கு மூலையில் அவர்களுக்கு வேறு திட்டம் இருக்கிறது, சுவரோடு நிறுத்திவிடுவது எல்லோருக்கும் சுத்தமாக இருக்கும் என்றார். கட்டாயப்படுத்தவில்லை. 'உங்கள் தொழில்முறைத் தீர்ப்பு எதுவோ அது' என்றார். அறிவாளிகளை வேலை வாங்கத் தெரிந்தவர்.

நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். என் தீர்ப்பை அந்த அலுவலகத்தில் யாரும் மாற்றியதில்லை. ஆனால் பேசினால் கோப்பு ஜனவரிக்குத் தள்ளிப்போகும். டிசம்பர் கச்சேரிகளுக்காக மெட்ராஸ் போக டிக்கெட் எடுத்திருந்தேன். பெரிய சபா ஒன்றில் மூன்றாவது வரிசையில் இடம். பணமில்லை, மிரட்டலில்லை, வேலை போய்விடும் என்ற பயமில்லை. காரணம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க இத்தனை வருடம் முயன்றுவிட்டேன்.

சுவர் வாக்கியத்தை எழுத இருபது நிமிடம் ஆயிற்று. நல்ல வாக்கியம். இப்போதும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன்.

வரைபடம் பாக்கி இருந்தது. எல்லைக்கு வெளியே தாளில் எதுவும் இருக்கக் கூடாது. மூலப் படலத்தில் மையால் போட்டதை அழிக்க மின்சாரத்தில் சுழலும் ஓர் அழிப்பான் உண்டு. பல் டாக்டர் கையில் வைத்திருப்பதுபோல இருக்கும், சத்தமும் அப்படித்தான். அவரைக் கூப்பிட்டு, சுவருக்குக் கிழக்கே இருப்பதை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"சுவர்னு எழுதிட்டீங்களா சார்?"

"எழுதியாச்சு."

"மாத்த முடியாதா?"

"டைப் ஆகி மேல போயாச்சு." போகவில்லை. என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

அவர் அழிப்பானைப் பார்த்தார். தொடவில்லை. ஆலை வரைபடத்தின்போது நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டார். "நான் போட்டது சார். அளவு பாத்துப் போட்டது. நான் எடுக்கமாட்டேன்."

"சரி, நகருங்க."

நான் உட்கார்ந்தேன். முதலில் மரங்களை எடுத்தேன். பிறகு கட்டங்களை. படலம் கிழிந்துவிடாமல் மெல்ல அழுத்த வேண்டும், இல்லையென்றால் மேற்பூச்சு தேய்ந்து அந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அது நன்றாக வரும். அவர் போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு கட்டம் போகும்போதும் அவர் உதடு அசைவது மேசை விளக்கின் கண்ணாடியில் தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்ததும் தூசியை அவரே தூரிகையால் கூட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போனார். குப்பைத்தொட்டி என் காலடியில்தான் இருந்தது. எங்கே போட்டார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு கேள்வியோடு வந்தார்.

"சார், பதிவு ஆகறதுக்கு முந்தி பொதுஜனம் யாரு வேணும்னாலும் ஆட்சேபம் எழுதிப் போடலாம்னு அந்த சர்வே பொண்ணு சொல்லிச்சு. நான் எழுதட்டுங்களா? நீங்க இங்கிலீஷ் மட்டும் பாத்துக் குடுத்தீங்கன்னா போதும்."

"நீங்க எழுதக் கூடாது. அப்ளிகேஷன் தயார் பண்ண கம்பெனியோட எம்ப்ளாயி ஆட்சேபம் போட்டா செல்லாது. ரூல் இருக்கு."

"அப்படிங்களா."

"ஆமா."

"சரிங்க சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்படி ஒரு விதி இல்லை. என் பணிக்காலத்தில் நானே இயற்றிய ஒரே விதி அதுதான். வேறு யாராக இருந்தாலும் எந்தப் பிரிவு, எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் அலுவலகத்து அமெரிக்கர்கள் என்னை முதல் பெயரால் கூப்பிட்டுவிட்டு என் வார்த்தையைப் புத்தகத்தில் சரிபார்ப்பார்கள். உலகத்தில் எல்லாவற்றையும் அளந்து பார்த்த அந்த மனிதர், சார் என்று கூப்பிட்டுவிட்டதால், நான் சொன்னதை மட்டும் அளக்கவில்லை.

அந்த டிசம்பரில் கச்சேரிகள் சுமார்தான்.

பண்ணை பதிவாயிற்று. அறக்கட்டளை அனுப்பிய வண்ணப் பிரசுரத்தில் உருளும் கூரையும் தராசும் அழகாக இருந்தன. பயணிகளுக்குச் சூடான கொக்கோ உண்டு என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. இவர் பிரசுரத்தை வாங்கி, உள்ளேயிருந்த சிறிய வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அளவு சரியா இருக்கு சார்" என்றார்.

என்னோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை. அப்படி நிறுத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதே மாதிரி சேர்ந்து சாப்பிட்டார். தேங்காய்ச் சம்பலில் பாதியை என் டப்பாவில் வைத்தார். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மாத்தளையைப் பற்றி மட்டும் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மனைவிக்கு ஹூஸ்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவர்கள் டெக்ஸஸ் போனார்கள். சுகர் லேண்டில் வீடு. வழியனுப்பு விழாவில் சாக்லேட் கேக் வெட்டினார்கள். அவரே பிசகில்லாமல் பதினாறு சம துண்டுகளாக வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். தான் தொடவில்லை.

இரண்டு வருடம் கழித்து அந்த அளவையாளர் பெண் எனக்கு ஃபோன் செய்தார். தீவில் இன்னும் அவருக்குத் தொடர்பு இருந்தது. பண்ணையின் சுவருக்குக் கிழக்கே, கொக்கோ மரங்களை எடுத்துவிட்டு, ஓட்டல்காரர்கள் வண்டி நிறுத்துமிடம் போட்டிருக்கிறார்கள். மண்ணை வெட்டும்போது இயந்திரத்தில் எலும்புகள் வந்திருக்கின்றன. வேலையை நிறுத்திப் போலீசைக் கூப்பிட்டார்கள். பழைய எலும்பு, குற்றம் எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினொரு பேருடைய எலும்புகள். அட்டைப் பெட்டிகளில் போட்டு ஒரு கிடங்கில் வைத்திருக்கிறார்களாம். மூன்றாம் நாள் வேலை தொடர்ந்திருக்கிறது. எல்லைக்கு வெளியே என்பதால் மறுஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பெண் என்னைக் குறை சொல்லவில்லை. தன் குறிப்பேடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். களக் குறிப்புகளைக் கோப்பு முடிந்து இரண்டு வருடத்தில் அழித்துவிடலாம் என்பது எங்கள் அலுவலக நடைமுறை. அழிக்கும் பட்டியலில் கையெழுத்திடுபவன் நான். அந்த வசந்தத்தில்தான் போட்டிருந்தேன்.

சுகர் லேண்டுக்கு ஃபோன் செய்தேன். ஏன் செய்தேன் என்பதற்கு நல்ல பதில் இல்லை. அவரிடமிருந்து ஒரு வசவு கிடைத்தால் தேவலை என்று நினைத்தேனோ என்னவோ. மனைவிதான் எடுத்தார்.

"அண்ணா, எப்படி இருக்கீங்க? இருங்க, கூப்பிடறேன். கராஜ்ல இருக்காரு. பக்கத்து வீட்டுக்காரன் புது ட்ரக் வாங்கியிருக்கான். அது அவன் கராஜுக்குள்ள போகாதுன்னு சொல்லி அவன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரு. இப்ப நம்ம கராஜ்ல வச்சு நிரூபிக்கறாரு."

அவர் வந்தார். மூச்சு வாங்கியது. நான் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். எங்கோ பின்னால் அவர்கள் வீட்டுச் சின்னப் பையன் ஆங்கிலத்தில் கார்ட்டூனோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான்.

"மேல என்ன போட்டாங்க சார்? கான்கிரீட்டா, தாரா?"

"தார்."

"தாருன்னா தண்ணி எறங்காது."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எத்தன பேருன்னீங்க?"

"பதினொண்ணு."

"நல்லாத் தெரியுங்களா?"

"அவ ரிப்போர்ட்டைப் படிச்சுட்டுத்தான் சொன்னா. பதினொண்ணு."

பையனைப் பாட்டைக் குறைக்கச் சொன்னார். பிறகு அவர் சொன்னார். குரலில் கோபம் இல்லை. ஒரு தாளில் விட்டுப்போன அளவை எடுத்துச் சொல்லும் குரல்தான்.

"நீங்க அழிச்சது பதினாலு சார்."

"ஞாபகம் இருக்கு."

"அப்ப மூணு அங்கதான் இருக்கு. தாருக்கு அடியில."

"எந்த மூணுன்னு உங்களுக்குச் சொல்ல முடியுமா? அளவெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே. நான் ஒரு லெட்டர் எழுதிப் பார்க்கறேன். சுவத்துலேருந்து எத்தனை அடின்னு மட்டும் சொன்னா."

எல்லாவற்றையும் சொன்னார். சுவரின் தெற்கு முனைக் கல்லிலிருந்து கிழக்கே இத்தனை, வடக்கே இத்தனை என்று பதினான்கும், அரை அங்குலம் வரை, நிறுத்தாமல். நான் எழுதிக்கொண்டேன். முடித்துவிட்டுச் சொன்னார்.

"எந்த மூணுன்னு அளந்து பாக்கணுங்கறதே இல்ல சார். பெரியவங்க எலும்பு நிக்கும். கொழந்தைங்களுது நிக்காது. கொக்கோ வேரு அப்படியே எடுத்துக்கும். மிஷின்காரன் கண்ணுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. அஞ்சாவது, ஒம்பதாவது, பன்னெண்டாவது. அந்த மூணரை அடி மூணும்."

வெளியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், ட்ரக்குக்காரராக இருக்கும். "வச்சிடறேன் சார், உடம்பப் பாத்துக்கங்க" என்றார்.

பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். எல்லைக்கு வெளியே உள்ள நிலம் குறித்துத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று முறையான பதில் வந்தது. முறையான பதில்தான். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அந்த ஐந்தையும் ஒன்பதையும் பன்னிரண்டையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். என் கையில் அழிப்பான் சுழல்கிறது. பெரிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடமாவது ஆயிற்று. சின்னவை மூன்றும் சீக்கிரம் போய்விட்டன.